தெற்குவாடி ஓவியக் கூடம்: எக்கோ மெக்கானிக் ஒருவரின் பார்வையில்

பாம்பன் பாலம் இறங்கி ராமேஸ்வரம் போகிற வழியில் வலது கைப்பக்கம் தெற்குவாடிக்குத் திரும்பினால், கடலை எட்டுவதற்குச் சற்று முன்னால் ஒரு பழைய ஐஸ் கூடம் இருக்கிறது. அங்கே ஐஸ் வைப்பதை நிறுத்திப் பல வருடமாகிறது. இப்போது உள்ளே ஓவியங்கள் மாட்டியிருக்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. இரும்புக் கதவில் வெள்ளை பெயின்டில் 'ஓவியங்கள்' என்று எழுதியிருக்கும், அதுதான் அடையாளம். காலை பத்து மணிக்கு மேல் திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை.

வரைகிறவர் தங்கச்சிமடத்துப் பெண். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'ஓவியர்' என்றே எழுதுகிறேன். எல்லாப் படங்களுக்கும் பொருள் ஒன்றுதான்: இந்தக் கடலும், இந்தக் கடலில் நாம் கொண்டுவந்து வைத்திருக்கிற மெஷின்களும்.

நான் மண்டபம் ஊரில் படகுகளுக்கு எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், வயர்லெஸ் செட் பழுது பார்க்கிறவன். ஓவியம் படித்தவனில்லை. ஆனால் இந்தப் படங்களில் பாதி என் மேஜையில் தினமும் திறந்து கிடக்கிற சாமான்களைப் பற்றியவை. அதனால் இவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் எக்கோ படம். ஆறடி நீளம், மூன்றடி உயரம், அக்ரிலிக். கதவைத் திறந்ததும் எதிர்ச்சுவரில் அதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ மாலை நேரத்து வானம் போலத் தெரியும். கிட்டே போனால் எக்கோ சவுண்டரின் திரை. மேலே கருநீலம், நடுவில் அங்கங்கே பச்சை, மஞ்சள், கீழே சிவப்புப் பட்டை.

எக்கோ சவுண்டர் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. படகின் அடியில் பொருத்திய டிரான்ஸ்டியூசர், காதுக்குக் கேட்காத ஒலியைக் கீழே அனுப்பும். அது தரையில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கருவி கணக்குப் போடும். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர். 15 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். ஒவ்வொரு முறை ஒலி திரும்பும்போதும் திரையின் வலது ஓரத்தில் ஒரு புதுக் கோடு விழும், பழைய கோடுகள் இடப்பக்கம் நகரும். ஆக, திரையில் நாம் பார்ப்பது கடலின் படம் என்பதைவிட, படகு கடந்து வந்த நேரத்தின் படம். வலது ஓரம் இப்போது, இடது ஓரம் சற்று முன்பு.

இதை ஓவியர் புரிந்துகொண்டு வரைந்திருக்கிறார். வலது ஓரத்தில் பெயின்ட் ஈரம் காயாதது போலத் தடிப்பாக, பளபளவென்று இருக்கிறது. இடப்பக்கம் போகப் போக அதே நிறங்களைத் தேய்த்துத் தேய்த்து மங்கலாக்கியிருக்கிறார். இடது ஓரத்தில் கேன்வாஸின் நூலிழையே தெரிகிறது. மெஷினில் அப்படி மங்காது, பழைய கோடு அப்படியே நகர்ந்து திரையை விட்டுப் போய்விடும். ஆனால் படகு ஓட்டுகிறவனுடைய நினைவில் மங்கத்தான் செய்யும். மெஷினுடைய விதியையும் மனுஷனுடைய விதியையும் ஒரே பரப்பில் வைத்துவிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது, டிரைவர்கள் சிலர் இந்தக் கூடத்துக்கு வந்து உட்காருவதுண்டு. உள்ளே குளிர்ச்சியாக இருக்கும் என்பது முதல் காரணம். அப்படி வந்த ஒருவர் இந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டுச் சொன்னதை நானே கேட்டேன்.

"இது வடகடல்தான். தென்கடல் இல்ல. தரை மெத்துன்னு கெடக்கு பாருங்க."

வடகடல் என்று நாங்கள் சொல்வது பாக் வளைகுடா, தரை சேறு. தென்கடல் மன்னார் வளைகுடா, அங்கே பாறை அதிகம். ஓவியர் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தலைப்பிலும் இடம் குறிப்பிடவில்லை. பாறைத் தரை என்றால் சிவப்புப் பட்டை தடிமனாக விழும், அதற்குக் கீழே இன்னொரு எதிரொலிக் கோடும் வரும். சேற்றுத் தரை ஒலியைக் குடித்துவிடும். கோடு மெலிதாக, விளிம்பு கலங்கலாக இருக்கும். ஓவியத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு ஓவியத்தைப் பார்த்துக் கடலின் எந்தப் பக்கம் என்று ஒரு டிரைவர் சொல்ல முடிகிறதென்றால் அதைவிடப் பெரிய விமர்சனத்தை நான் எழுதிவிட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. தரைக்கு மேலே பச்சைப் படுகை மாதிரி கடல்புல். அதன்மேல், நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம், பெரிய கட்டியான ஒரு வடிவம், உள்ளே அடர் சிவப்பு. காற்று நிறைந்த எதுவும் எக்கோவில் பலமாகத் தெரியும். மீனில்கூட நமக்குத் தெரிவது பெரும்பாலும் அதன் காற்றுப்பைதான். சூரைக்குக் காற்றுப்பை இல்லாததால் பெரிய கூட்டமே வந்தாலும் கோடு மெலிதாக விழும். இங்கே வரைந்திருப்பது நுரையீரல் உள்ள ஒரு பிராணி. ஆவுளியா என்று எங்கள் பக்கம் சொல்கிற கடல்பசு. கடல்புல் மேய்வதற்குக் கீழே இறங்கியிருக்கிறது. கண், வால், துடுப்பு எதுவும் வரையவில்லை, எதிரொலி மட்டும்தான். பாக் வளைகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரமாக 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக்களுக்கான காப்பகமாக 2022இல் அரசு அறிவித்தது. அதைப் பற்றிய சுவரொட்டிகளில் எல்லாம் சிரிக்கிற முகத்தோடு ஆவுளியா இருக்கும். இந்தப் படத்திலிருப்பதுதான் எங்கள் ஆட்கள் கடலில் பார்க்கிற ஆவுளியா.

இதற்கு அடுத்த சுவரில் ஜிபிஎஸ் படம். சின்னதுதான், இரண்டடிக்கு இரண்டடி. சாம்பல் பச்சைக் கடல், அதில் படகு போன தடம் நூல் சிக்கல் மாதிரி சுற்றிச் சுற்றிக் கிடக்கிறது. குறுக்கே சர்வதேசக் கடல் எல்லை. 1974லும் 1976லும் இலங்கையோடு போட்ட ஒப்பந்தங்களில் வரைந்த கோடு. அந்தக் கோட்டுக்கு மட்டும் பெயின்டே கிடையாது. மாஸ்க்கிங் டேப் ஒட்டி, மேலே கடலை வரைந்து, டேப்பை உரித்துவிட்டிருக்கிறார். வெறும் கேன்வாஸ். மெஷினில் அந்தக் கோட்டை ஏற்றி, கிட்டே போனால் அலாரம் அடிக்கிற மாதிரி செட் பண்ணிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. தண்ணீரில் அப்படியொரு கோடு இல்லை. இறால் கூட்டத்துக்கும் அது தெரியாது. ஆனால் ஒரு வீட்டில் அப்பா திரும்பி வருவதும் வராததும் அந்தக் கோட்டில் இருக்கிறது. இந்தப் படத்துக்கு முன்னால் என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

பாசி பற்றிய மூன்று படங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. இந்தக் கூடத்தில் உச்சம் இவைதான் என்பது என் தீர்மானம். முதலாவதில் ஒரு பெண்ணின் கை. விரல்கள் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருக்கிறது. தீவுகளைச் சுற்றி மூழ்கி, பாறையிலிருந்து பாசி பறிக்கிற எங்கள் பெண்கள் விரல் கிழியாமல் இருக்க அப்படித்தான் சுற்றிக்கொள்வார்கள். இரண்டாவதில் மணலில் காயப்போட்ட மரிக்கொழுந்துப் பாசி, பழுப்பும் ஊதாவுமாக. மூன்றாவதில் வட்டமான ஒரு கண்ணாடித் தட்டு. உள்ளே மங்கிய மஞ்சள் பரப்பில் வெள்ளைப் புள்ளிகள், ஓரமாக ஒரு சிவப்புப் புள்ளிக் கூட்டம். முதலில் பார்க்கிறவர்களுக்கு மூன்றாவது படம் அந்த வரிசையில் ஏன் வந்தது என்று விளங்காது.

மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் என்கிற, ஜெல்லி மாதிரி உறைகிற பொருளை எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரி லேபுகளில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கிற தட்டில் ஊற்றுவது அந்த அகரைத்தான். 1880களில் ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில், தட்டில் ஊற்றிய ஜெலட்டின் வெயிலுக்கு உருகி வீணாகிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்த்த ஒருவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தன் அடுப்படியில் ஜெல்லிக்குப் போடுகிற அகரைப் பயன்படுத்தலாமே என்று சொன்னார். இன்றுவரை உலகம் முழுக்க அதுதான். ஓவியர் இதைச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற சின்னப்பாலத்துப் பாசிக்கார அக்கா ஒருவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அப்ப ஆஸ்பத்திரி டெஸ்டுல நம்ம பாசியும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கலாம் என்றார் ஓவியர். துணி சுற்றிய விரலின் நிழலுக்குப் போட்ட அதே காவி மஞ்சள்தான் கடைசிப் படத்துத் தட்டிலும். மூன்று படத்தையும் கட்டிப் பிடித்திருப்பது அந்த ஒரு நிறம். கடலிலிருந்து லேப் வரைக்கும் போகிற வழி முழுவதையும் ஒரு நிறத்தால் காட்டிவிட முடியும் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை.

பக்கத்திலேயே, மூங்கில் தெப்பத்தில் வளர்க்கிற பாசியைப் பற்றி ஒரு படம் உண்டு. எங்கள் ஊரில் 'பெப்சி பாசி' என்று சொல்வோமே, அது. இது வெளிநாட்டுப் பாசி, நிறையக் குடும்பங்களுக்கு வருமானம் கொடுத்தது, குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைமேல் படர்ந்து அதைப் பாதித்ததும் உண்மை. ஓவியத்தில் பவளம் செத்துக் கிடப்பது மட்டும்தான் இருக்கிறது, தெப்பம் கட்டுகிறவர்கள் இல்லை. எனக்கு அது குறைதான். இரண்டும் ஒரே தண்ணீரில் நடந்தவை.

இனி எனக்குப் பிடிக்காதவை. இவற்றைச் சொல்லாமல் விட்டால் மற்றதற்கும் மதிப்பிருக்காது.

உள் அறையில் 'சர்க்யூட் மரம்' என்ற வரிசை. மரத்தின் கிளைகள் சர்க்யூட் போர்டின் செம்புக் கோடுகளாக மாறுவது, இலைகளுக்குப் பதில் சிப்புகள், ஒரு பெண்ணின் கூந்தலிலிருந்து பூஜ்யமும் ஒன்றுமாகக் கொட்டுவது, செல்போன் டவர், கீழே செத்துக் கிடக்கிற சிட்டுக்குருவி. கூடத்துக்கு வருகிறவர்கள் செல்ஃபி எடுப்பது இங்கேதான். விலைபோவதும் இவைதான் என்று ஓவியர் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தச் செம்புக் கோடுகளை விரலால் தொடர்ந்து பாருங்கள், எங்கும் போய்ச் சேராது. ஒரு சிப்புக்கு ஒரு பக்கம் ஏழு கால், மறுபக்கம் எட்டுக் கால். டவரால்தான் குருவி செத்தது என்பதும் நிரூபணமான விஷயமில்லை. வெளி அறையில் மெஷினை உள்ளே திறந்து பார்த்தவர், இந்த அறையில் கூகுளில் கிடைத்த படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். கடலுக்குக் காட்டிய மரியாதையை மரத்துக்கும் காட்டவில்லை. அது வேம்பா, பூவரசா, எங்கள் மாவட்டத்தையே நிறைத்திருக்கிற சீமைக்கருவேலமா? எந்த மரமும் இல்லை, வெறும் 'மரம்'.

இது குறியீடுதானே, ஏழு காலா எட்டுக் காலா என்று பார்க்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மகன் சென்னையில் இருப்பதால் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போயிருக்கிறேன். 1966இல் அதைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர், 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஒரு வரிசை வரைந்தவர். கணக்குக் குறிகள், கட்டங்கள், எழுத்து மாதிரித் தெரிகிற கீறல்கள். அவற்றைப் படிக்க முடியாது, படிப்பதற்காக அவர் வரையவும் இல்லை. அவர் கணக்குப் போடுவதாகச் சொல்லவில்லை, ஜாதகக் கட்டம் மாதிரி தனக்கென்று ஒரு பக்கத்தை உண்டாக்கினார். சர்க்யூட் மரம் அப்படியில்லை. நிஜ சர்க்யூட் என்று நம்மை நம்பச் சொல்கிறது.

பாம்பன் பாலம் பற்றிய படம், பிடித்தவற்றுக்கும் பிடிக்காதவற்றுக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டு பலகைகள். இடது பக்கம் 1914இல் திறந்த பழைய ரயில் பாலம். கப்பலுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழுந்தது, அதை ஆட்கள் லீவரைச் சுற்றித்தான் தூக்கினார்கள். அந்தக் கைகளை வரைந்திருக்கிறார். உப்பும் கிரீஸும் ஏறிய நகம், புறங்கையில் புடைத்த நரம்பு. முன்னாள் ஊழியர் ஒருவரைத் தேடிப் போய் உட்கார்ந்து வரைந்ததாகச் சொன்னார். அது தெரிகிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயிலே போனபோதும் அந்தத் தூக்குப் பகுதி நின்றதென்றால், அந்த இரும்போடு இந்தக் கைகளும்தான் காரணம் என்று படம் சொல்கிறது.

வலது பக்கம், 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதுப் பாலம். 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே எழும்புகிற பாலம். இரண்டு பக்கக் கோபுரங்களிலும் எதிர் எடைகள் இறங்க இறங்கப் பாலம் ஏறும், மோட்டார் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. வரைவதற்கு எவ்வளவு அருமையான விஷயம்! ஓவியத்தில் ஒரு பொத்தான், அதன்மேல் ஒரு விரல், அவ்வளவுதான். உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை என்கிறார். நியாயம்தான். அப்படியானால் படகில் போய்க் கீழேயிருந்து கண்ணுக்குத் தெரிவதை வரைந்திருக்கலாம். தூணில் அலை படுகிற மட்டத்தில் சிப்பி ஒட்டத் தொடங்கியிருக்கிறது, அது யார் அனுமதியும் கேட்கவில்லை.

இந்தப் படத்துக்குப் பக்கத்தில், தனக்குப் பிடித்த மற்றவர்களின் ஓவியங்களைப் பிரின்ட் எடுத்து ஒட்டி வைத்திருக்கிறார். அதில் இரண்டைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று 1844இல் இங்கிலாந்தின் டர்னர் வரைந்த 'மழை, நீராவி, வேகம்'. பாலத்தின்மேல் மழையைக் கிழித்துக்கொண்டு ரயில் வருகிறது. அதற்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு முயல் ஓடுகிறது. மிக மங்கலாக இருக்கும், தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று அமெரிக்காவின் அலெக்சிஸ் ராக்மன் 2004இல் முடித்த 24 அடி நீள ஓவியம். கடல் ஏறி புரூக்ளின் பாலம் மூழ்கிக் கிடக்க, மீன்களும் சீல்களும் அதைச் சுற்றித் திரிகின்றன. தனுஷ்கோடியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது கற்பனையாகத் தெரியாது. அப்புறம், இந்த மாதிரிப் படங்கள் நமக்குப் புதிதும் இல்லை. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசச் சுவர்களில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தொப்பி வைத்த ஐரோப்பியர்கள் சேதுபதி மன்னரைச் சந்திக்க வருவதை வரைந்து வைத்திருக்கிறார்கள். கரையில் புதிதாக வந்து இறங்குவதை உற்றுப் பார்த்து வரைவது இந்த மாவட்டத்தின் பழக்கம். இங்கே வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

கமுதி சோலார் பூங்கா பற்றியும் ஒன்று இருக்கிறது. 648 மெகாவாட், ஏறக்குறைய 2,500 ஏக்கர். தகடுகளின்மேல் தூசி துடைக்கிற ரோபோவையும் வேலிக்கு வெளியே ஆட்டுக்கிடையையும் ஒரே அளவு அக்கறையோடு வரைந்திருக்கிறார். நல்ல படம்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பிரின்ட் 400 ரூபாய். பெரிய கேன்வாஸ்கள் 30,000க்கு மேல். என் சிபாரிசு, வாசலுக்கு அருகில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற சின்னப் படங்கள், ஒன்று 1,500. உப்புக்காற்றில் கெட்டுப்போன நிஜ சர்க்யூட் போர்டுகளின்மேல் வரைந்தவை. செம்பில் பூத்த பச்சைக் களிம்பை அப்படியே விட்டு, அதைச் சுற்றி மெல்லிய தூரிகையால் கடல்புல்லும் கடல்குதிரையும் சேர்த்திருக்கிறார். போர்டுகளில் சில என் கடையிலிருந்து போனவை. என் தொழிலில் உப்புதான் எதிரி. அந்த எதிரி இவ்வளவு அழகான நிறத்தைப் போட்டுக்கொண்டிருந்தது இத்தனை வருடம் என் கண்ணில் படவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: பழைய போர்டுகளில் பற்றவைக்கப் போட்ட சால்டரில் ஈயம் இருக்கும். நிறமில்லாத லாக்கர் (வார்னிஷ் மாதிரிப் பூச்சு) அடித்து மூடியதை மட்டும் வாங்குங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் மாட்டுங்கள். லாக்கர் அடிக்காவிட்டால் களிம்பும் தொடர்ந்து பூத்து, மேலே வரைந்ததைத் தின்றுவிடும். மீன் பார்சலுக்குப் போடுகிற தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுக்கிறார்கள், ரயிலில் பத்திரமாகப் போகும்.

கூடத்தில் திருத்த வேண்டியவை இரண்டு. டியூப்லைட் நேராகப் படத்தில் அடித்துக் கண்ணைக் கூச வைக்கிறது, எக்கோ படத்தின் இடது ஓரத்து மங்கல் அதில் காணாமலே போகிறது. சாய்வாக வைத்த மஞ்சள் பல்புகள் போதும். இதைவிட முக்கியமானது, படங்களுக்குக் கீழே தலைப்பும் விளக்கமும் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது. பாசிக்கார அக்கா தன் தொழிலைப் பற்றிய படத்துக்கு என்ன பெயர் என்று என்னிடம் கேட்கும்படி ஆனது. தமிழில் எழுத வேண்டும், பெரிய எழுத்தில். ஓவியரிடமே சொன்னேன். "செஞ்சிடறேண்ணே" என்றார். அடுத்த முறை போனபோது பாசிப் படங்களுக்குக் கீழே தமிழ் அட்டை வந்திருந்தது. மற்றவற்றுக்கும் வர வேண்டும்.

அடுத்ததாக டிரான்ஸ்டியூசரை வரையப் போகிறாராம். படகுக்கு அடியில் ஒட்டியிருக்கிற அந்தக் கறுப்புக் கட்டியை வெளியே இருந்து பார்த்து வரைந்தால் அது ஒரு கறுப்புக் கட்டி, அவ்வளவுதான். உள்ளே ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது, மின்சாரம் கொடுத்தால் அதிரும், எதிரொலி வந்து மோதினால் மின்சாரம் கொடுக்கும். சொல்வதும் கேட்பதும் அந்த ஒரே வில்லைதான். கடையில் செத்துப்போன டிரான்ஸ்டியூசர் ஒன்று கிடக்கிறது. இந்த வாரம் அதை நெடுக்காக அறுத்து அவரிடம் கொடுத்துவிடப் போகிறேன்.